லோட்டஸ் 49: 3.8 மி.மீ. கூடுதல்

அக்டோபர் 9, கேள்வி

அண்ணா, 1/20 அளவில் லோட்டஸ் 49 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் மாடல் கிட் ஒன்று பழைய சரக்காகக் கிடைத்தது. பெட்டிப் படத்தில் பச்சை உடம்பு, மஞ்சள் கோடு, 5ஆம் எண். 1967-இல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் பந்தயத்தில் ஜிம் கிளார்க் ஓட்டிய கார். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐயோ, அந்தக் கிட்டா" என்கிறார்கள். என்ன ஐயோ என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நீங்கள் அதைச் செய்ததாக ஞாபகம். பணம் போச்சா?

அக்டோபர் 9, இரவு

செய்யவில்லை தம்பி, செய்ய ஆரம்பித்தேன். ஆறு வருடத்துக்கு முன்பு எஞ்சினின் இரண்டு பாதியையும் ஒட்டிவிட்டு, முகப்பு என்னவோ போல் இருக்கிறதே என்று பரணில் தூக்கிப் போட்டதுதான். உன் கேள்வியைப் பார்த்த பிறகு ஏணி போட்டு இறக்கியிருக்கிறேன். பெட்டியின் ஒரு மூலையைப் பல்லி குடித்தனத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. டீகால் (எண், கோடு ஒட்டும்) தாள் மஞ்சள் பூத்துவிட்டது. பாகங்கள் அப்படியே இருக்கின்றன.

நாளை அளந்து பார்த்துச் சொல்கிறேன். கண்ணால் பார்த்துச் சொல்கிற "என்னவோ போல்" யாருக்கும் உதவாது.

அக்டோபர் 10

அளந்தாகிவிட்டது. டேப் ஒட்டி, சக்கரம் மாட்டி, வெர்னியரில் மூன்று தடவை.

அசல் லோட்டஸ் 49-இன் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவிலான தூரம், 2413 மி.மீ. இருபதால் வகுத்தால் 120.65. கிட்டில் இருப்பது 124.5. ஆக 3.8 மி.மீ. கூடுதல். கேட்கச் சின்னதாகத் தெரியும். அசல் காரில் அது 77 மி.மீ., நான்கு விரல் அகலம். என் கண்ணுக்கு உறுத்தியது இதுதான்.

மற்றவை: பின் டயர் அகலம் அதிகம், 1967 காருக்கு அது பெருந்தீனி தின்ற டயர். எஞ்சினுக்குள் காற்று போகிற எட்டு குழல்களும் வாய் அடைத்துக் கிடக்கின்றன. புகைபோக்கிக் குழாய்கள் ஒரே கட்டியாக, வாழைச் சீப்பு மாதிரி. இதெல்லாம் ஒவ்வொரு சாயங்கால வேலை. வீல்பேஸ்தான் தலைவலி.

வெட்ட வேண்டியதுதான்.

அக்டோபர் 11

"3.8 மி.மீட்டருக்கு வெட்டுவானேன், அலமாரியில் வைத்தால் யாருக்குத் தெரியும்" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். எனக்குத் தெரியுமே ஐயா.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி: இந்தக் காரில் எஞ்சினுக்கு அடியில் சட்டம் ஏதும் காணோமே, அதுவும் கிட்டின் தப்பா? இல்லை, அதுதான் காரின் விசேஷமே. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உடம்பு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எஞ்சினை நேரே போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். எஞ்சின்தான் முதுகெலும்பு. பின் சஸ்பென்ஷன் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் தொங்குகிறது. காலின் சாப்மனும் மாரிஸ் ஃபிலிப்பும் காரை வரைந்தார்கள். எஞ்சின் காஸ்வொர்த்தில் கீத் டக்வொர்த் செய்த டி.எஃப்.வி.; 3 லிட்டர், வி8, சிலிண்டருக்கு நான்கு வால்வு. காசு ஃபோர்டு கொடுத்தது, 1,00,000 பவுண்டு. ஒரு காருக்காக எஞ்சினும் ஒரு எஞ்சினுக்காகக் காரும் சேர்ந்தே பிறந்தவை. உலகத்திலேயே முதன்முதலாக எஞ்சினையே சட்டமாக்கிய பந்தயக் கார் இது.

அக்டோபர் 11, பிற்பகல்

சரி சரி, மூன்று பேர் காதைத் திருகிவிட்டீர்கள். முதல் இல்லை. 1954-லேயே லான்சியா டி50-இல் எஞ்சின் ஓரளவு பாரம் தாங்கியது. 1966-இல் லோட்டஸே 43 என்ற காரில் பி.ஆர்.எம். கம்பெனியின் பதினாறு சிலிண்டர் எச்16 எஞ்சினை இப்படித்தான் மாட்டியது. அந்தப் பூதத்தை வைத்துக்கொண்டும் கிளார்க் அந்த வருடம் வாட்கின்ஸ் க்ளெனில் ஜெயித்தார். "முதன்முதலாக" என்பதை வாபஸ் வாங்குகிறேன். மற்றவர்கள் எல்லாரையும் இந்த வழிக்கு இழுத்தது 49 என்பதை விட்டுத்தர மாட்டேன்.

அக்டோபர் 12

எங்கே வெட்டுவது? முகப்பு எல்லாம் வளைவு, அங்கே வெட்டினால் புட்டியோடு ஜென்மம் போய்விடும். இருக்கையின் முதுகுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உடம்பு கிட்டத்தட்ட நேர்க்குழாய். இரண்டு கோடு, நடுவில் 3.8, இரண்டு வெட்டு, ஒட்டு. மாற்றியும் யோசித்துப் பார்த்தேன், இதைவிட நேரான இடம் கிடையாது.

ரேசர் ரம்பத்தின் அலகு கால் மி.மீ. பருமன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோட்டின் மேலேயே அறுத்துவிட்டு, "எப்படிக் கால் மி.மீ. குறைந்தது" என்று நான் விழித்த காலமும் உண்டு.

அக்டோபர் 13

வெட்டியாயிற்று. ஒட்டியாயிற்று. வீல்பேஸ் 120.7. இன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும்.

அக்டோபர் 14

தூக்கம் வந்தது. காலையில் இருக்கையை உள்ளே வைத்துப் பார்த்தேன். போகவில்லை. இருக்கையின் முதுகுப் பக்கம் நான்கு மி.மீ. போல இடித்துக்கொண்டு நிற்கிறது. தேய்த்துத் தேய்த்து உள்ளே திணித்தால், கிளார்க் பொம்மையின் நெஞ்சில் ஸ்டியரிங் முட்டுகிறது. நெரிசலான டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியோடு ஒட்டி நிற்கிறவர் மாதிரி இருக்கிறார் மனுஷர்.

பொம்மைதான் பெரியது என்று நினைத்து அளந்தேன். பொம்மை சரி. இருக்கையும் சரி. ஓட்டுநர் குழி வெட்டுவதற்கு முன்னால் சரியான நீளத்தில் இருந்திருக்கிறது என்றால், அதிகமான 3.8 எங்கே இருந்தது?

இதற்கு மேல் இன்று எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 15

நேற்று ஒருவர் ஒரே வரி கேட்டிருந்தார்: "கியர்பாக்ஸ் எந்த வகை என்று பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். மேலே சேணம் போட்டதுபோல் ஒரு எண்ணெய்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. தொட்டிக்குக் கீழே ஹியூலேண்ட் கியர்பாக்ஸ். 1967 காரில் இருந்தது இசட்.எஃப். கியர்பாக்ஸ். எண்ணெய்த் தொட்டி அப்போது முன் மூக்குக்குள், ரேடியேட்டருக்குப் பின்னால். ஹியூலேண்டும் பின்னால் போன தொட்டியும் 1968-இல் வந்த 49பி-யின் அடையாளங்கள்.

49பி-யின் வீல்பேஸ் பழைய காரைவிட 3 அங்குலம் அதிகம். 3 அங்குலம் என்றால் 76 மி.மீ. இருபதால் வகுத்துப் பாருங்கள். நானும் வகுத்தேன். 3.8.

அந்த 3 அங்குலத்தை லோட்டஸ் உடம்பை இழுத்துச் சேர்க்கவில்லை. முன் சஸ்பென்ஷன் கைகளை முன்னோக்கிச் சாய்த்து, முன் சக்கரங்களைத் தள்ளி வைத்தது. எடை கொஞ்சம் பின் சக்கரத்துக்குப் போகட்டும் என்று. கிட்டிலும் கைகள் சாய்ந்துதான் இருக்கின்றன. ஆறு வருடம் முன்பே அதைப் பார்த்துவிட்டு "வார்ப்பு கோணலாக இருக்கிறது" என்று பெட்டியின் ஓரத்தில் பென்சிலில் எழுதியும் வைத்திருக்கிறேன். இப்போது போய்ப் படித்தேன்.

கிட் செய்தவர்கள் ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறார்கள். அளந்தது 49பி, பெட்டியில் போட்ட படம் 49. இந்தக் கார்களை வருடா வருடம் பிரித்துப் பிரித்துப் புது வடிவத்துக்கு மாற்றினார்கள். பச்சை அடித்து நிற்கிற ஒரு காரைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதும் 1967 என்று நம்பியிருப்பார்கள். இது என் ஊகம்தான்.

நம் விஷயத்துக்கு வருவோம். சரியாக இருந்த ஒரே பாகத்தைத் தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 15, சற்றுப் பிறகு

அக்டோபர் 10 குறிப்பைத் திருத்தவில்லை, அப்படியே விடுகிறேன். "மூன்று தடவை அளந்தேன்" என்று எவ்வளவு பெருமை. மூன்று தடவையும் சக்கரத்திலிருந்து சக்கரம். உடம்பை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

அக்டோபர் 17

தம்பி கேட்கிறான்: "அப்போ நான் எங்கே வெட்டட்டும்?"

எங்கேயும் வெட்டாதே. உன் கையில் இருப்பது நல்ல 49பி. 1968 மொனாக்கோவில், கிளார்க்கின் அணித் தோழராக இருந்த கிரஹாம் ஹில் ஜெயித்த காராகச் செய். அதற்கு மூக்கின் இரு பக்கமும் சின்னச் செதில்கள் வேண்டும், பின்னால் மேல்நோக்கி எழும் ஆப்பு மாதிரி ஒரு மூடி வேண்டும். இரண்டையும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டிவிடலாம். நிறம்தான் வேறு: கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்கம். அந்தச் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டும்போது என்னை நினைத்துக்கொள்.

பச்சைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கீழே நான் படுகிற பாட்டைப் படித்துவிட்டு முடிவு செய். எனக்குப் பச்சைதான் வேண்டும். 1967 ஜூன் 4, முதல் பந்தயம், அந்தக் காரை அந்த வார இறுதிக்கு முன்னால் கிளார்க் ஓட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. வரிக்குப் பயந்து கிளார்க் பாரிஸில் இருந்ததால் சோதனை எல்லாம் ஹில்தான் செய்தார். பயிற்சியில் முதல் இடமும் ஹில்லுக்கே. பந்தயத்தில் ஹில் வண்டி ஆரம்பச் சுற்றுகளிலேயே நின்றுபோக, எட்டாவது இடத்தில் கிளம்பிய கிளார்க் ஜெயித்தார். அன்றைக்கு ஓடிய அந்தக் காரைத்தான் நான் செய்ய வேண்டும். சிகரெட் பெட்டியை இல்லை.

அக்டோபர் 18

வெட்டிய துண்டைத் தேடினேன். பெருக்கித் தள்ளியாகிவிட்டதாம். "அந்தக் குப்பையா? அது அன்றைக்கே போச்சு" என்றார் வீட்டம்மா. குப்பை என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை.

1 மி.மீ. ஷீட் நான்கு அடுக்கு, அப்புறம் கால் மி.மீ. ஒன்று. ஏன் 3.8-க்குப் பதில் 4.25? அறுத்தபோது அலகு தின்றது, அறுத்த முகங்களை நான் உப்புத்தாளில் தேய்த்தது, எல்லாம் சேர்த்து. ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, வெளியே துருத்துவதைத் தேய்த்தேன். புட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி புட்டி. பிரைமர் அடித்தால் கோடு தெரிகிறது. ஷீட் ஒரு பதம், கிட்டின் பிளாஸ்டிக் ஒரு பதம். ஒன்று சீக்கிரம் தேய்கிறது, இன்னொன்று தேய்வதில்லை.

அக்டோபர் 21

கோடு இன்னும் தெரிகிறது. சூப்பர் குளூவைப் பூசி அதன் மேல் தேய்த்த பிறகுதான் அடங்கியது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இருக்கை உள்ளே போகிறது. கிளார்க் மூச்சு விடுகிறார்.

அக்டோபர் 24

இப்போது உண்மையான திருத்தம்: முன் கைகள். சாய்ந்திருக்கும் பிளாஸ்டிக் கைகளை நறுக்கிவிட்டு, பித்தளைக் கம்பியில் நேராக வளைத்தேன். 49-இல் மேல் கை வெறும் கம்பி கிடையாது. தராசுக் கோல் மாதிரி. வெளிமுனையில் சக்கரம், உள்முனை உடம்புக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்கை அழுத்தும். ஸ்ப்ரிங் வெளியே காற்றில் நிற்க வேண்டாம் என்ற யோசனை. அதனால் மேல் கையைத் தகட்டில் வெட்டி, கீழ்க் கையைக் கம்பியில் செய்தேன்.

மாட்டிப் பார்த்தால் முன் சக்கரங்கள் அகன்று நிற்கின்றன, ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. போல. என்ன செய்தேன் தெரியுமா? பழைய கையின் நீளத்தை அப்படியே எடுத்துவிட்டேன். சாய்ந்த கை நேர்க் கையைவிட நீளமாகத்தானே இருக்கும். 15 போகிற இடத்தில் 3.8 சாய்ந்தால் 15.5. ஒன்பதாம் வகுப்புப் பிதாகரஸ். என் கணக்கு வாத்தியார் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

மறுபடி நான்கு கைகள்.

அக்டோபர் 27

எண்ணெய்த் தொட்டி: பிய்த்துப் போட்டேன். மூக்குக்குள் இருப்பது வெளியே தெரியாது, அதனால் புதிதாகச் செய்யவும் வேண்டாம். இந்தக் கிட்டில் இதுவரை நான் செய்த ஒரே சுலபமான வேலை.

கியர்பாக்ஸ்: ஹியூலேண்டைத் தேய்த்து, புட்டி அப்பி இசட்.எஃப். ஆக்கினேன். பக்கவாட்டில் பார்த்தால் நம்பலாம். பின்னால் நின்று பார்க்காதீர்கள்.

அக்டோபர் 28

எஞ்சினில் இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. கிட் தராத ஒரு சின்னப் பாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சினைக் கீழே இரண்டு போல்ட் உடம்போடு பிடிக்கிறது. மேலேயும் இரண்டு இடம், ஆனால் அங்கே நேராக முடுக்கவில்லை. எஞ்சினின் மேல்பக்கத்துக் காம் மூடிகளிலிருந்து மெல்லிய முக்கோணத் தகடுகள் வழியாகப் பிடித்திருக்கிறார்கள். எஞ்சின் சூடேறினால் வீங்கும். முரட்டுத்தனமாக நான்கு இடத்திலும் இறுக்கினால், வீங்குகிற எஞ்சின் உடம்பைக் கிழிக்கும். தகடு பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும், முன்பின்னாக விடாமல் பிடிக்கும். காரின் பாதியே அந்தத் தகட்டில்தான் தொங்குகிறது.

குளிர்பானக் கேனை வெட்டி இரண்டு முக்கோணம் செய்தேன். முடிந்த பிறகு பாதி மறைந்துவிடும். இருந்தாலும் எனக்கு இந்தக் காரிலேயே பிடித்த பாகம் இதுதான்.

காற்றுக் குழல்களுக்கு பின்-வைஸ் என்ற சின்னக் கைத்துளைப்பானில் துளை போட்டேன். ஏழு நேராக வந்தது. எட்டாவது உடைந்து பறந்தது, தரை முழுக்கத் தவழ்ந்தும் கிடைக்கவில்லை. அதைப் பித்தளைக் குழாயில் செய்தேன், மற்ற ஏழையும்விட அழகாக வந்துவிட்டது. இப்போது ஏழையும் மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 29

"அமெரிக்க இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கான லோட்டஸின் இண்டி கார்களில் புகைக் குழாய்கள் பாம்புக் கூடு மாதிரிப் பின்னியிருக்குமே, இதில் ஏன் இல்லை?" என்று ஒருவர். அந்த ஃபோர்டு வி8-இல் புகைக் குழாய்கள் நடுப் பள்ளத்தில் மேலே வரும். டி.எஃப்.வி.யில் நடுப் பள்ளம் காற்று உள்ளே போகிற வழி. புகை இரு பக்கமும் வெளியே போகிறது. கிராங்க் தண்டு தட்டை வகை, அதனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டரும் தங்களுக்குள் சீராக முறை வைத்து வெடிக்கும், எதிர்ப் பக்கத்துக் குழாயோடு பின்ன வேண்டிய அவசியமில்லை. நாலும் ஒன்றாகி ஒரு பக்கத்துக்கு ஒரு வால். வாழைச் சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஈயக் கம்பியில் வளைத்தேன்.

நவம்பர் 2

பெயின்ட். கிட்டின் மஞ்சள் டீகால் கோட்டைக் கரும்பச்சை மேல் ஒட்டினால் பச்சை ஊடுருவி அழுகின எலுமிச்சை நிறம் வரும். அதனால் வெள்ளை, அதன்மேல் மஞ்சள், டேப் ஒட்டி மறைத்து, கடைசியில் பச்சை. பச்சையில் கொஞ்சம் வெளுப்பு கலக்க வேண்டும். அசல் நிறத்தை அப்படியே இந்தச் சின்ன உருவத்தில் அடித்தால் கறுப்பாகத்தான் தெரியும்.

நவம்பர் 4

சென்னையில் ஐப்பசியில் லாக்கர் அடிக்கலாமா? அடிக்கக் கூடாது. அடித்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை, உள்ளே அடித்த பச்சை மேலெல்லாம் திருநீறு பூசிய மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் இறங்கிவிடுகிறது. ஏ.சி. அறைக்குள் கொண்டுபோய், மெதுவாக உலர்கிற தின்னரை மட்டும் மெல்லிசாகத் தூவினேன். முக்கால்வாசி தெளிந்தது. மீதிக்கு மழை விட்ட அன்று இன்னொரு பூச்சு.

அறை முழுக்கத் தின்னர் வாசனை. வீட்டம்மா கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

நவம்பர் 9

டேப்பை உரித்தேன். மஞ்சள் கோடு நேர். வெட்டின இடம் தெரியவில்லை. மேஜை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிறது. சாய்த்துப் பிடிப்பதை நிறுத்திவிட்டேன்.

டயருக்கு வேறு கிட்டிலிருந்து ஒல்லியானவை கிடைத்தன. ஒரு எச்சரிக்கை: இந்த மாதிரி வினைல் டயர்கள் வருடக்கணக்கில் பிளாஸ்டிக் ரிம்மை அரித்து உருக்கிவிடும். ரிம்முக்கு நல்ல பூச்சு அடிக்காமல் மாட்டாதே.

நவம்பர் 10

டீகால் தாளில் ஹெல்மெட்டுக்கு வெள்ளைப் பட்டைகள் கொடுத்திருக்கிறார்கள், துடுப்பு வடிவத்தில். அது லண்டன் ரோயிங் கிளப் அடையாளம், ஹில்லின் தலையில் இருப்பது. ஹில் ஓட்டியது 6. 5ஆம் எண் காருக்குள் ஹில்லின் தலை! கிளார்க்குக்கு வெறும் கருநீலம், முன்னால் தொப்பி விளிம்பு மாதிரி நீட்டிய பாகம் மட்டும் வெள்ளை. அடித்துவிட்டேன்.

நவம்பர் 12

தம்பி படம் அனுப்பியிருக்கிறான். 49பி, கோல்ட் லீஃப் நிறம், வெட்டே இல்லை, மூன்று வாரத்தில் முடித்துவிட்டான். சிவப்பு வெள்ளைக் கோடு கத்தி மாதிரி இருக்கிறது. வாழ்த்துகள். படத்தை இரண்டு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

நவம்பர் 13

முடிந்தது. பழக்க தோஷத்தில் வெர்னியரை எடுத்தேன். வீல்பேஸ் இடப்பக்கம் 120.6, வலப்பக்கம் 121.1.

ரெனோ 4 காரில் தொழிற்சாலையிலேயே இரண்டு பக்கமும் வீல்பேஸ் வேறு வேறுதான். மூன்று முக்கோணம் வளைத்த கை, இன்னொரு தடவை முன் கை செய்யாது. கண்ணாடிப் பெட்டியில் வலப்பக்கம் சுவரைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13, இரவு

ஆமாம், முக்கோணம் இரண்டுதான். ஒன்றை மிதித்துவிட்டேன், அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.